நாட்டு நடப்பு, உலக நடப்பு: பேராவிலிருந்து ஒரு பொது அறிவுப் பயிற்சி



பேரா வட்டாரத்தில் நம் இயக்கம் நடத்தும் பொது அறிவுப் போட்டிகளுக்குக் கேள்வி தயாரிக்கும் வேலை சில ஆண்டுகளாக என் தலையில்தான். ஈப்போவில் ஒரு ஞாயிறு, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ஞாயிறு என்று ஆலய மண்டபங்களில் பயிற்சி நடக்கும். வருகிறவர்களில் பாதிப் பேரின் தாத்தா பாட்டி பால்மரம் சீவியவர்கள். தோட்டம் கைமாறி, செம்பனையாகவோ தாமானாகவோ ஆகி, குடும்பம் டவுனுக்கு வந்து, பிள்ளைகள் இப்போது ஆறாம் படிவம், பாலிடெக்னிக் என்று படிக்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். பிரதமர் யார், அமெரிக்க அதிபர் யார் என்றால் கேள்வி முடிவதற்குள் கை மேலே போய்விடும். “சரி, அவர் எப்படிப் பிரதமரானார்?” என்று அடுத்ததைப் போட்டால் மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அதனால் எங்கள் பயிற்சியில் புள்ளி கொடுக்கும் முறை இப்படி: பெயரைச் சொன்னால் 1 புள்ளி. அது எந்தத் தேதி நிலவரம், எப்படி அப்படி ஆயிற்று என்று விளக்கினால் மேலும் 2 புள்ளி. பெயர் மனப்பாடத்தில் வரும், கைப்பேசியிலும் வரும். அந்த 2 புள்ளிக்குத்தான் உழைக்க வேண்டும். நம் வீட்டுக்குப் பயன்படுவதும் அந்த 2 புள்ளிதான். அரசாங்க வேலைக்கு மனு போட்டவர்களுக்குத் தெரியும், பொதுச் சேவை ஆணையத்தின் நுழைவுத் தேர்வில் பொது அறிவுக்கென்று தனிப்பகுதியே உண்டு. அது போக, 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதில் ஓட்டுரிமை வந்துவிட்டது. நீங்கள் போய்ப் பதிய வேண்டியதுகூட இல்லை, பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். எஸ்.பி.எம். முடிவு கையில் வந்து சில மாதத்திலேயே வாக்குச்சீட்டும் கையில் வரலாம்.

இதை நான் எழுதுவது 2025 நவம்பர் மூன்றாவது வாரம். தேதியை ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த பகுதியிலேயே புரியும்.

காலாவதியாகும் விடைகள்

கடையில் ரொட்டி வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்க்கிறோம் இல்லையா? நடப்புச் செய்தியிலும் அப்படிப் பார்க்க வேண்டும். 2018 ஜனவரியில் முதலாம் படிவத்தில் கால் வைத்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிரதமர் நஜிப் துன் ரசாக். அதே ஆண்டு மே 10-இல் துன் மகாதீர் வந்தார். 2020 மார்ச் 1-இல் முகிதீன் யாசின், 2021 ஆகஸ்ட் 21-இல் இஸ்மாயில் சப்ரி யாக்கோப், 2022 நவம்பர் 24-இல் அன்வார் இப்ராஹிம். ஐந்தாம் படிவம் முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை ஐந்து பிரதமர்களைப் பார்த்துவிட்டது. முதலாம் படிவத்தில் வாங்கிய பொது அறிவுப் புத்தகத்தை நம்பிப் போட்டிக்கு வந்தால் என்ன ஆகும்?

இப்போது ‘எப்படி’ கேள்வி. இந்த மாற்றங்களில் பொதுத் தேர்தல் கொண்டுவந்தவை எத்தனை? இரண்டுதான், 2018-லும் 2022-லும். நடுவில் வந்த இருவரும் தேர்தல் இல்லாமலேயே பதவிக்கு வந்தார்கள். இது சட்டத்துக்கு வெளியே நடந்த காரியம் இல்லை. நாம் ஓட்டுப் போடுவது நம் தொகுதி வேட்பாளருக்கு. மக்களவை உறுப்பினர்களில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று மாமன்னர் கருதும் ஒரு உறுப்பினரைப் பிரதமராக நியமிக்கும்படி கூட்டரசு அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவு சொல்கிறது. மக்களவையில் 222 இடம் என்றால் 112 தேவை. அந்த 112 தலை இடம் மாறினால் பிரதமரும் மாறலாம். 2022 நவம்பர் 19 தேர்தலில் எந்தக் கூட்டணிக்கும் 112 கிடைக்கவில்லை. அதனால்தான் 24-ஆம் தேதிவரை நாடே காத்துக்கிடந்தது.

இதில் நம் ஊருக்கான துணைக்கேள்வி ஒன்று உண்டு. அன்வார் எந்தத் தொகுதி உறுப்பினர்? ஈப்போவை ஒட்டிய தம்புன். அங்கே அவர் தோற்கடித்தது யாரை? அதுவரை தம்புன் உறுப்பினராக இருந்த அகமட் பைசால் அசுமுவை. அவர் யார்? பேராவின் முன்னாள் மந்திரி புசார். ஏன் ‘முன்னாள்’? இப்படி ஒரு விடையின் வாலைப் பிடித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போய்ப் பாருங்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரே தந்திரம் இதுதான்.

பேரா போடும் கூட்டல் கழித்தல்

நாடாளுமன்ற ஜனநாயகத்தைப் படிக்க வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. நம் மாநிலமே போதும். பேரா சட்டமன்றத்தில் 59 இடங்கள். பெரும்பான்மைக்கு 30. இந்த இரண்டு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கூட வாருங்கள்.

2008 தேர்தலில் பக்காத்தான் கட்சிகளுக்கு 31, தேசிய முன்னணிக்கு 28. நிசார் ஜமாலுடின் மந்திரி புசார் ஆனார். 2009 பிப்ரவரியில் அவர் பக்கமிருந்து மூன்று பேர் வெளியேறினார்கள். கணக்கு 28, 28, 3 என்று ஆயிற்று. அந்த மூவரும் தேசிய முன்னணியை ஆதரித்ததால் அந்தப் பக்கம் 31. சட்டமன்றத்தைக் கலைக்க நிசார் கேட்டார். சுல்தான் அஸ்லான் ஷா இணங்கவில்லை. பிப்ரவரி 6-இல் சம்ரி அப்துல் காதிர் பதவியேற்றார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம்வரை போய், 2010 பிப்ரவரி 9-இல் சம்ரியே சட்டப்படியான மந்திரி புசார் என்று தீர்ப்பாயிற்று. அந்த ஒரு வருடம் ஈப்போ காப்பிக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது.

2020-இல் இன்னொரு பாடம். டிசம்பர் 4-ஆம் தேதி சட்டமன்றத்துக்குள்ளேயே நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. பைசால் அசுமுவுக்கு ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாத ஓட்டு 1. கூட்டிப் பாருங்கள், 59 வருகிறதா? ‘முன்னாள்’ என்ற சொல் அன்றைக்கு ஒட்டியதுதான். டிசம்பர் 10-இல் சாரானி முகமட் மந்திரி புசாரானார்.

2022-க்கு வந்தபோது சுங்கை சிப்புட் பயிற்சியில் ஒரு தம்பி சண்டைக்கே நின்றுவிட்டான். பெரிக்காத்தான் 26, பக்காத்தான் ஹராப்பான் 24, தேசிய முன்னணி 9 என்று நான் பலகையில் எழுதியிருந்தேன்.

“அண்ணே, 26 எடுத்தவங்கதானே ஜெயிச்சாங்க? ஒன்பது எடுத்த கட்சிக்காரரு எப்படிண்ணே மந்திரி புசார்?”

“முப்பது யார்கிட்ட இருக்கு, நீயே பாரு.”

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தான். “இருபத்து நாலும் ஒன்பதும் முப்பத்து மூணு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அந்தக் கூட்டணியில் மந்திரி புசார் பதவி சாரானிக்கே தொடர்ந்தது. அது நியாயமா இல்லையா என்று அவன் இன்னும் வாதாடலாம். ஆனால் கணக்குத் தெரிந்தபிறகு வாதாடுவதற்கும் தெரியாமல் வாதாடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்தத் தம்பிக்கு அன்றைக்கு 3 புள்ளியும் கொடுத்தேன்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது கட்சித் தாவல் தடைச் சட்டம். 2022 அக்டோபர் 5 முதல் அமலில் இருக்கிறது. அரசியலமைப்பில் 49ஏ பிரிவாகச் சேர்ந்தது. ஒரு கட்சியின் பெயரில் வென்று நாடாளுமன்றம் போனவர் அந்தக் கட்சியை விட்டு விலகினால் இடம் காலியாகும். கட்சியே அவரை நீக்கினால் காலியாகாது. இந்தக் கடைசி வரியைத்தான் கேள்வி போடுகிறவர்கள் தேடிப் பிடிப்பார்கள். ஜாக்கிரதை.

ஒரு சம்பளக் கேள்வி

செப்டம்பர் மாதப் பயிற்சியில் ரொம்பச் சுலபமான கேள்வி என்று நினைத்து ஒன்று கேட்டேன்: “நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு?”

“ஆயிரத்து எழுநூறு ரிங்கிட்” என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள். சரியான விடை. ஆறாம் படிவம் படிக்கும் ஒரு தங்கை மட்டும் யோசித்துவிட்டுக் கேட்டாள். “அண்ணே, அம்மாவுக்கும் 1,700தான் வருது. ஆனா சிலிப்புல 1,500 ஒரு வரியிலேயும், வருகைப்படி 200 இன்னொரு வரியிலேயும் இருக்கு. அது சரிதானா?” அவளுடைய அம்மா ஒரு குத்தகை நிறுவனத்தின் கீழ் துப்புரவு வேலை செய்கிறார்.

அன்று மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டோம். நீங்களும் இதை நிதானமாகப் படியுங்கள். தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் வந்தது 2011-இல். அதன்கீழ் தீபகற்பத்தில் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 ரிங்கிட். 2016-இல் 1,000, 2019-இல் 1,100. 2020-இல் ஒரு விசித்திரம்: மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் 1,200, மற்ற இடங்களில் 1,100. எல்லைக்கு வெளியே இருந்த தோட்டத்துக்காரருக்கு நூறு ரிங்கிட் குறைவு. அரிசி விலை என்னவோ இரண்டு பக்கமும் ஒன்றுதான்! 2022 மே மாதம் 1,500 ஆனது. 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் 1,700. சிறிய முதலாளிகளுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அது முடிந்து ஆகஸ்ட் 1 முதல் எல்லா முதலாளிகளுக்கும் இதே தொகைதான். வீட்டுப் பணிப்பெண்கள் மட்டும் இந்த உத்தரவுக்குள் வரமாட்டார்கள்.

இப்போது தங்கையின் கேள்வி. உத்தரவு சொல்வது அடிப்படைச் சம்பளத்தை. வருகைப்படி, போக்குவரத்துப்படி எல்லாம் சேர்த்து 1,700-ஐ எட்டினால் கணக்காகாது. அடிப்படை வரியிலேயே 1,700 நிற்க வேண்டும், படி அதற்கு மேல். வாரத்தில் ஆறு நாள் வேலை செய்யும் நாள் கூலிக்காரருக்கு ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் 38 சென். மணிக்கணக்கில் வாங்குகிறவருக்கு மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். பால் நிறுத்த எடைக்கோ, வெட்டிய குலைக்கோ கூலி வாங்கும் தோட்டத் தொழிலாளிக்கும் மாதக் கணக்கில் 1,700-க்குக் குறையக் கூடாது.

அடுத்த ஞாயிறு தங்கை சம்பளச் சிலிப்பைப் படம் பிடித்துக் கொண்டுவந்தாள். அம்மா பயப்படுகிறாராம். “கேட்டா வேலைக்கு வராதேன்னு சொல்லிட்டா என்ன பண்றது?” இந்தப் பயத்தை நான் சிறுபிள்ளையிலிருந்து பார்க்கிறேன். லயத்து வீட்டில் இருந்தவர்களுக்கு வேலை போனால் வீடும் போகும். அப்படி மூன்று தலைமுறை ஊறிய பயம் தாமானுக்கு வந்தவுடன் போய்விடுமா? அம்மாவின் கூட வேலை செய்யும் ஐந்து பேருக்கும் சிலிப்பு அப்படித்தான் இருந்தது. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம் என்று எடுத்துச் சொன்னோம். முதலில் ஆறு பேரும் ஒன்றாகப் போய் மேற்பார்வையாளரைக் கேட்பது என்று முடிவு செய்தார்கள். கேட்டும்விட்டார்கள். “மேலிடத்தில் சொல்கிறேன்” என்ற பதில்தான் இதுவரை வந்திருக்கிறது. இலாகாவுக்குக் கொண்டுபோக வேண்டிய சிலிப்புகளை தங்கை தேதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறாள்.

சம்பளத்தோடு ஒட்டிய துணைக்கேள்வி ஒன்று, பேராக்காரர்களுக்குப் பிடிக்கும். 2018-க்குப் பிறகு அடுத்தடுத்து மனிதவள அமைச்சர்களாக இருந்த மூன்று பேர் யார், தொகுதி எது? மு. குலசேகரன், ஈப்போ பாராட். மு. சரவணன், தாப்பா. வ. சிவகுமார், பத்து காஜா. மூன்றும் பேராத் தொகுதிகள். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கூட்டணி ஆட்சிக் காலத்தவர்கள் அல்லவா என்று யோசித்துப் பார்த்துச் சரிபார்ப்பது உங்கள் வேலை. 2023 டிசம்பரில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஸ்டீவன் சிம். இது 2025 நவம்பர் நிலவரம், தேதியை மறக்காதீர்கள்.

உலகச் செய்தியில் ஒரு சிவாலயம்

உலக நடப்பு என்றாலே அமெரிக்கா, இந்தியா என்று பிள்ளைகள் போய்விடுகிறார்கள். குகேஷ் எப்போது உலகச் சதுரங்க வெற்றியாளரானார் (2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில், 18 வயதில்), சந்திரயான்-3 எப்போது நிலவில் இறங்கியது (2023 ஆகஸ்ட் 23, திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல்), இந்தியாவின் துணைக் குடியரசுத் தலைவர் யார் (2025 செப்டம்பர் முதல், திருப்பூர் மண்ணின் சி.பி. ராதாகிருஷ்ணன்) எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பக்கத்து நாடுகளைக் கேட்டால்தான் தடுமாற்றம். 2025-இல் ஆசியான் தலைமையே மலேசியாவிடம் இருந்தது. அக்டோபர் 26-இல் கோலாலம்பூர் மாநாட்டில் திமோர் லெஸ்தே 11-ஆவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. 2002-இல் சுதந்திரம் பெற்று, 2011-இல் மனுப் போட்டு, 14 வருடம் காத்திருந்த நாடு. அதற்கு முன் கடைசியாகச் சேர்ந்தது கம்போடியா, 1999-இல்.

கம்போடியா என்றதும் அடுத்த கேள்வி வந்துவிட்டது. 2025 ஜூலை 24-இல் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில் சண்டை மூண்டது. ஜூலை 28-இல் புத்ராஜெயாவில் போர்நிறுத்தப் பேச்சு நடந்தது. இவ்வளவும் செய்தியில் வந்தது. சண்டை எந்த இடத்தை ஒட்டித் தொடங்கியது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. தா மோன் தோம் என்ற பழைய சிவன் கோயில் பக்கத்தில்! கெமர் மன்னர்கள் கட்டியது. இயற்கையாக அமைந்த கல்லே அங்கு இலிங்கம்.

இந்த எல்லைத் தகராறில் இன்னும் பெயர் பெற்ற கோயில் பிரேயா விகார். அதுவும் சிவனுக்குக் கட்டியது, மலை விளிம்பில் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் கம்போடியாவை ஆண்ட காலத்தில் வரைந்த வரைபடம் கோயிலைக் கம்போடியா பக்கம் காட்டியது. தாய்லாந்து அதை ஏற்கவில்லை. வழக்கு அனைத்துலக நீதிமன்றம் போய், 1962 ஜூன் 15-இல் கோயில் கம்போடியாவுக்கு என்று தீர்ப்பு வந்தது. 2008-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது பதற்றம் மறுபடி ஏறியது. 2013-இல் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பை விளக்கி உறுதி செய்தது. ஒரு கோயில், ஒரு வரைபடம், இரண்டு தீர்ப்பு. இன்றைக்கும் அங்கே வீரர்கள் காவல் நிற்கிறார்கள்.

அக்டோபர் 26-இல், திமோர் லெஸ்தே சேர்ந்த அதே நாளில், இரு நாடுகளும் கோலாலம்பூரில் சமாதான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. நான் கேள்வித்தாளில் ‘சமாதானம் ஏற்பட்டது’ என்று எழுதி அச்சுக்குக் கொடுக்கவிருந்தேன். நவம்பர் 10-இல், கண்ணிவெடியில் தன் வீரர்கள் காயமடைந்ததைக் காரணம் காட்டி, உடன்பாட்டை நிறுத்தி வைப்பதாகத் தாய்லாந்து அறிவித்தது. இரண்டு வாரத்தில் விடை காலாவதி. அந்த வரியை ‘உடன்பாடு கையெழுத்தான தேதி என்ன, அதன்பின் என்ன நடந்தது?’ என்று திருத்திவிட்டேன். கேள்வியும் அதனால் நல்ல கேள்வியாயிற்று.

ரப்பரும் ஐரோப்பாவும்

“உலகச் செய்தி நமக்கு எதுக்குண்ணே?” என்று கேட்பவர்களைக் கோலகங்சாருக்குக் கூட்டிப்போக எனக்கு ஆசை. பிரேசில் நாட்டு விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கடல் தாண்டி வந்து, 1877-இல் கோலகங்சாரில் ஒன்பது கன்றுகளாக நடப்பட்டது. அவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. அந்த மரத்துக்குப் பின்னால்தான் நம் பாட்டன்மார் கப்பலேறினார்கள். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அது லண்டன் பத்திரிகைகளுக்கே செய்தியானது, நாட்டில் அவசரகாலம் பிறந்தது. உலகம் பேராத் தோட்டத்துக்குள் எப்போதும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இப்போது வந்திருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடை விதி. மாடு, கொக்கோ, காப்பி, செம்பனை, ரப்பர், சோயா, மரம் என்ற ஏழு பொருளும், அவற்றிலிருந்து செய்தவையும் இதில் அடங்கும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்தது என்றால் ஐரோப்பாவில் விற்க முடியாது. விளைந்த நிலம் எங்கே இருக்கிறது என்று இட அளவையோடு காட்டவும் வேண்டும். 2024 கடைசியில் அமலாக வேண்டியது ஓராண்டு தள்ளிப்போனது, 2025-இல் மறுபடியும் தள்ளிவைக்கும் பேச்சு நடந்தது. நாடுகளை அபாய அளவின்படி பிரித்தபோது மலேசியாவை நடுத்தரப் பிரிவில் வைத்தார்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் பாலை வியாபாரியிடம் போடுகிறார். அது பத்துப் பேர் பாலோடு கலந்து ஆலைக்குப் போகிறது. எந்தச் சொட்டு எந்த நிலத்தினுடையது என்று யார் கணக்கு வைப்பது? உங்கள் சித்தப்பா, மாமா யாராவது இன்னும் சிறுதோட்டம் வைத்திருந்தால், நிலப் பத்திரத்தையும் விற்பனைச் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வாட்சாப்பில் வந்த விடை

பயிற்சியில் எப்போதும் கலகலப்பாகப் போவது இந்தப் பகுதிதான். மூன்று செய்தி சொல்வேன். எது உண்மை என்று கை தூக்க வேண்டும். ஒன்று, இந்திய தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்தது. இரண்டு, தீபாவளி இரவில் இந்தியா ஒளிர்வதை நாசா விண்ணிலிருந்து எடுத்த வண்ணப் படம். மூன்று, ஐரோப்பாவின் அணு ஆராய்ச்சிக் கூடமான சேர்ன் வளாகத்தில் நடராஜர் சிலை இருக்கிறது.

முதல் இரண்டுக்கும் கை குவியும். இரண்டும் பொய். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை என்று அவர்களே மறுத்துவிட்டார்கள். அந்தப் படம், பல ஆண்டுகளின் இரவு வெளிச்சம் எப்படிப் பெருகியது என்று காட்ட வெவ்வேறு நிறம் பூசித் தயாரித்தது. தீபாவளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பார்கள். அதுதான் உண்மை! இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்த சிலை, 2004 ஜூன் 18-இல் திறந்து வைக்கப்பட்டது.

“வாட்சாப்புல வந்துச்சுண்ணே, எல்லாரும் அனுப்புறாங்களே” என்றான் ஒருவன். நம் சமயத்தைப் பற்றிப் பெருமையான செய்தி வந்தால் சரிபார்க்காமல் அனுப்புவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. ஒரு பொய்யைப் பிடித்துவிட்டார்கள் என்றால், அடுத்து நாம் சொல்லும் உண்மையையும் பக்கத்து நண்பன் நம்பமாட்டான். அதனால் என் விதி கடுமையானது: வாட்சாப்பை ஆதாரமாகச் சொன்னால் புள்ளி கிடையாது. நாள், இடம், சொன்னவர் பெயர் மூன்றும் இல்லாத செய்திக்கும் கிடையாது.

தோட்டத்தில் பேப்பர் ஒன்றுதான் வரும். கிராணி வீட்டிலிருந்து கடைக்கு வந்து, கடையில் ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். படித்ததை மறுத்துப் பேச அங்கேயே ஒரு ஆள் இருப்பார், அது பெரிய வசதி. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. இப்போது ஆளுக்கொரு கைப்பேசி, மறுத்துப் பேசத்தான் ஆளில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ஓரளவுக்கு அந்தக் கடை வேலையைச் செய்கிறது என்று நினைக்கிறேன். புந்தோங் கச்சாங் பூத்தே பொட்டலம் ஒன்றும் நடுவில் இருக்கும்.

நீங்களும் உங்கள் கிளையில் தொடங்கலாம். ஆறேழு பேர் போதும். ஆளுக்கு ஒரு தமிழ் நாளிதழ் செய்தியோ பெர்னாமா செய்தியோ கொண்டுவர வேண்டும். ஒரு சின்ன நோட்டில் செய்தி, தேதி, ‘அதனால் என்ன மாறியது’ என்று ஒரு வரி. உதாரணத்துக்கு, 2025 ஜூன் 9-இல் கெரிக் அருகே பேருந்து விபத்தில் உப்சி மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அந்த வேதனையோடு நிறுத்தாமல் அடுத்த வரியையும் எழுதுங்கள்: ஜூலை 1 முதல் விரைவுப் பேருந்து, சுற்றுலாப் பேருந்துப் பயணிகளும் இருக்கை வார் அணிய வேண்டும் என்ற விதி அமலாக்கத்துக்கு வந்தது. தைப்பூசத்துக்குப் பேருந்து எடுத்துப் போகும் கிளைகள் இதைக் கவனிக்க.

அடுத்த பயிற்சிக்குத் தயார் செய்து வர வேண்டியவை:

1. உங்கள் வீட்டு முகவரி எந்த நாடாளுமன்றத் தொகுதி, எந்தச் சட்டமன்றத் தொகுதி? இரண்டின் உறுப்பினர் யார், எந்தக் கட்சி?

2. பேராவில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக 2012-இல் அறிவிக்கப்பட்ட இடம் எது? அங்கு கிடைத்த எலும்புக்கூட்டின் வயது ஏறக்குறைய எத்தனை ஆயிரம் ஆண்டு?

3. வீட்டில் வேலைக்குப் போகும் ஒருவரின் சம்பளச் சிலிப்பில் அடிப்படை வரி எவ்வளவு? தொகையை மண்டபத்தில் சொல்ல வேண்டாம். நீங்கள் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்பேன்.

4. சபா மாநிலத் தேர்தல் 2025 நவம்பர் 29-ஆம் தேதி நடந்தது. தேர்தல் நடந்த இடங்கள் 73. முடிவும் வந்துவிட்டது. ஒவ்வொரு கட்சியும் எடுத்த எண்ணை எழுதி, முதலமைச்சர் எந்தக் கூட்டலில் வந்தார் என்று காட்டுங்கள். பெயருக்கு 1 புள்ளி, கூட்டலுக்கு 2.